ஏரித் தக்காளி

கார் ஏரிக்கரை மேல் ஏறியதும் டிரைவர் பாண்டியன் பிரேக்கை மிதித்தான். அவசியமே இல்லாத பிரேக்.

“அண்ணே,” என்றான் உதடு அசையாமல். “எடது பக்கம் பாருண்ணே.”

செந்தில்குமார் பார்த்தான். பார்த்த மாத்திரத்தில், காலையில் இட்லிக்குத் தொட்டுக்கொண்ட அம்மாவின் தக்காளித் தொக்கு நெஞ்சுக்குழி வரை ஏறி வந்து, எட்டிப் பார்த்துவிட்டு இறங்கியது.

கரிமேட்டுப்பள்ளி ஏரியின் மேற்கு மூலை. சேறும் வெடிப்புமாகக் கிடக்க வேண்டிய இடம். அங்கே பச்சைப் பசேலென்று ஒரு தோட்டம். யாரும் விதைக்காத, யாரும் வேலி கட்டாத தோட்டம். செடிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, கொத்துக் கொத்தாய்ப் பழங்களைத் தரையில் பரப்பியிருந்தன. புடவையைத் தூக்கிச் செருகிய நாலைந்து பெண்கள் கூடை கூடையாகப் பறித்துக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் புடவைக்காரி ஒருத்தி ஒரு பழத்தை முந்தானையில் துடைத்து அப்படியே கடித்தாள். சாறு முகவாயில் வழிந்தது. புறங்கையால் வழித்து, அதையும் நக்கிக்கொண்டாள்.

செந்திலுக்கு வாயெல்லாம் எச்சில் ஊறியது. வாந்திக்கு முன்னால் ஊறுமே, அந்த எச்சில்.

“தக்காளியாடா அது? எவ்ளோ காய்ச்சிருக்குது பாரு!” பின் சீட்டில் தாம்பூலத் தட்டை மடியில் வைத்திருந்த அம்மா சௌந்தரம் ஜன்னல் பக்கம் சாய்ந்தாள். “நல்ல சகுனம். பொண்ணு வூட்டுக்குப் போறப்ப செவசெவன்னு கண்ணுல படுது.”

“வண்டிய எடு பாண்டியா.”

“நாம ஊத்தினது அது மட்டும் தானேண்ணே,” பாண்டியன் கியரை மாற்றிக்கொண்டே முனகினான். “தக்காளி எங்கிருந்துண்ணே வந்துச்சி?”

“வாய மூடு.”

பாண்டியன் வாயை மூடினான். ஆனால் இரண்டு பேருக்குமே தெரியும், எங்கிருந்து வந்தது என்று.

ஆம்பூர்ப் பக்கம் செப்டிக் டேங்க் நிறைந்துவிட்டால் எல்லாரும் கூப்பிடுவது செந்தில்குமாரைத்தான். மஞ்சள் பெயிண்ட் அடித்த டேங்கர் லாரி, பின்னால் சுருட்டி மாட்டிய தடித்த ஹோஸ். கல்யாண மண்டபம், லாட்ஜ், அடுக்குமாடி வீடு என்று பல இடம். எல்லாவற்றையும் விடப் பெரிய பார்ட்டி ஒரு ஷூ கம்பெனி. ஆயிரக்கணக்கான பெண்கள், ஆயிரக்கணக்கான டிபன் பாக்ஸ். பாதிக்கு மேல் தக்காளி சாதம். விடிவதற்குள் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்களுக்கு அதுதானே சட்டென்று ஆகும்?

உறிஞ்சி எடுத்ததை ஊருக்கு வெளியே இருக்கும் சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்க வேண்டும் என்பது சட்டம். அங்கே எப்போதும் லாரி வரிசை. அதில் நிற்கிற நேரத்தில் இன்னொரு டேங்கைக் காலி செய்துவிடலாம். கரிமேட்டுப்பள்ளி ஏரியோ போகிற வழியிலேயே வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

மழைக்கு முன்னால் ஒரு நாள், பாண்டியன் அங்கே வால்வைத் திறந்தான். குபுக்கென்று கறுப்பாக, கொழகொழவென்று, குமிழி விட்டுக்கொண்டு கொட்டியது. கொட்டி முடிக்கும் வரை பாண்டியன் மூக்கைத் தோளில் புதைத்துக்கொண்டு நின்றான். செந்தில் கேபினை விட்டு இறங்கவே இல்லை.

சாயந்திரம் ஊரே மூக்கைப் பிடித்தது. “தோல் நாத்தம்!” என்றார்கள்.

இந்தப் பக்கத்தில் அப்படித்தான். எலி செத்தாலும் தோல் நாத்தம், சாக்கடை அடைத்தாலும் தோல் நாத்தம். பிறந்த நாளில் இருந்து அதிலேயே ஊறிய மூக்குகள். நாற்றத்தில் இன்னொரு ஜாதி உண்டு என்பதையே மறந்துவிட்ட மூக்குகள். ஏரிக்கு அந்தப் பக்கம் முனீர் அகமதுவின் டேனரி இருந்தது. அவர் அப்பா காலத்தில் தோல் கழுவின தண்ணீர் கால்வாய் வழியே ஏரிக்கு வந்ததும் உண்மைதான். “இப்ப ஒரு சொட்டு வர்றதில்லீங்க, எல்லாம் பைப்ல பொது பிளான்ட்டுக்குப் போவுது,” என்று முனீர் அகமது வீடு வீடாகப் போய்ச் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டவர்கள்கூட, அவர் திரும்பியதும் காறித் துப்பினார்கள்.

செந்தில் முந்திக்கொண்டான். ஊர்க்காரர்களோடு ரோட்டில் உட்கார்ந்தான். மைக் பிடித்தான். “ஏரியக் காப்பாத்துவோம்!” என்று தொண்டை கிழியக் கத்தினான். அதோடு ஒரு யோசனையும் சொன்னான்.

“டேனரி டேங்கருங்க நைட்ல தான் வரும். நைட் பூரா கரையில காவல் போடுங்க. பகல்ல எவனும் வர மாட்டான்.”

ஆண்கள் இரவெல்லாம் டார்ச் அடித்துக்கொண்டு கரையில் கிடந்தார்கள்; பகலெல்லாம் தூங்கினார்கள். பெண்கள் கம்பெனி பஸ்ஸில் போய்விடுவார்கள். வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில், ஆளில்லாத கரையில் மஞ்சள் லாரி ஆடி அசைந்து வரும். தைரியமாக ஹாரன்கூட அடிப்பான் பாண்டியன்.

முனீர் அகமதுவின் டேனரிக்குச் சீல் வைத்தார்கள். செந்தில் அதோடு லாரியை அந்தப் பக்கம் விடவில்லை; நாற்றமும் அடங்கியது. ஊர் வெடி வெடித்துக் கொண்டாடியது. செந்திலுக்கு மாலை போட்டது. அன்றைக்குத்தான் அவன் நந்தினியைப் பார்த்தான்.

அதற்கு முன்னால் அவன் ஏறி இறங்கிய பெண் வீடுகள் கொஞ்ச நஞ்சமல்ல. எல்லா இடத்திலும் ஒரே கதை. மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்பார்கள். சொன்னதும் காப்பி டம்ளர் தாமதமாகும், பெண் உள்ளேயே இருந்துவிடுவாள், யாராவது ஒரு கிழவி மூக்கு மேல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்வாள். நந்தினி மட்டும், அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் பெண்களுக்கு நடுவே நின்று, சத்தமாகவே சொன்னாள்: “இதுல இன்னா கேவலம்? யாராவது ஒருத்தர் செஞ்சா தானே நாம வூட்டுல குந்த முடியும்? அதுவும் நேர்மையா செஞ்சா எந்தத் தொழிலும் தப்பில்ல.”

‘நேர்மையா’ என்ற சொல்லை அவன் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. மூக்கைப் பொத்தாத முதல் பெண் என்பது மட்டும் ஆணியடித்த மாதிரி நெஞ்சில் நின்றுவிட்டது. மூன்று மாதமாகத் தூது அனுப்பி, இன்றைக்குத்தான் நாள் குறித்திருந்தார்கள்.

இன்றைக்குக் கை நனைத்துவிட்டால் கல்யாணம். அவ்வளவுதான்.

*

“வாங்க மாப்ள, வாங்க! சம்மந்தியம்மா, பாத்து வாங்க, படி வழுக்கும்.” நந்தினியின் அப்பா தனகோடி வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். வெள்ளை வேட்டி, வாயெல்லாம் பல். “கரையில பாத்தீங்களா? செந்தில் தக்காளி!”

“என்ன தக்காளி மாமா?” செந்திலின் குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது.

“உங்க பேரத் தான் வச்சிருக்கோம். தோல் தண்ணி பாஞ்ச எடத்துல உப்புப் பூத்துக் கெடக்கும், கோரப்புல்லு கூட வராது. நீங்க அந்த டேனரிய மூட வச்சீங்க, பூமித்தாயி மனசு குளுந்து போய்ட்டா. எவனும் ஒரு வெத போடல மாப்ள. தானா வந்துச்சி! ஊர் பூரா மூணு வாரமா அதான் கொழம்பு, அதான் ரசம். நான் பச்சையாவே தின்றேன், உப்பு கூட இல்லாம.”

செந்தில் சிரிக்கப் பார்த்தான். உதடு ஒரு பக்கம்தான் போயிற்று.

தோல் தண்ணீர் விஷம், சாப்பிடாதீர்கள் என்று சொல்லலாமா? சொன்னால் அவன் போராட்டம் பொய்யாகிவிடும். ஏரி சுத்தமாகிவிட்டது என்று மைக்கில் அறிவித்தவனே அவன்தான்.

கூடத்தில் பாய் விரித்து நுனி இலை போட்டிருந்தார்கள். பிடிக்காத சம்பந்தம் என்றால் காப்பி, பலகாரத்தோடு எழுந்துவிடுவார்கள். சம்மதம் என்றால்தான் இலையில் உட்கார்ந்து சோற்றில் கை நனைப்பது. அதற்கப்புறம் பேச்சு மாறக் கூடாது. வாசலில் நின்ற பாண்டியன் மட்டும் வயிற்றைத் தடவிக்கொண்டு, “எனக்கு விரதம்கா, எலை வேணாம்,” என்றான். நந்தினியின் அம்மா வடையும் பாயாசமும் கொடுத்தாள். வாங்கிக்கொண்டான். பாயாசத்தை மட்டும் இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டான்.

“நானே பரிமாறுறேன்,” என்று வந்தாள் நந்தினி.

வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். சத்துவாச்சாரியில் தோழிகளோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தவள், முந்தாநாள்தான் லீவில் வந்திருந்தாள். பாசிப்பச்சைப் புடவை. அலட்டல் இல்லாத முகம். செந்திலுக்கு ஒரு நொடி எல்லாமே மறந்துபோனது.

“ரொம்ப வேலையா உங்களுக்கு?” என்று கேட்டாள், இலையில் தண்ணீர் தெளித்தபடி. “லோடு எல்லாம் எங்க இறக்குவீங்க?”

“பிளான்ட்ல தான். வேற எங்க?”

“அதான கேட்டேன்,” என்று சொல்லிவிட்டுக் கரண்டியை எடுத்தாள். “எல்லாமே ஏரித் தக்காளிங்க. உங்களுக்காகவே ஸ்பெஷலா.”

பொத்தென்று விழுந்தது தக்காளி சாதம்.

சிவப்பாக, எண்ணெய் மினுமினுக்க, ஆவி பறந்தது. பக்கத்தில் தக்காளிப் பச்சடி. அதற்குப் பக்கத்தில் தக்காளிக் கூட்டு. ஒவ்வொன்றிலும் விதைகள். சின்னச் சின்னதாய், மஞ்சளாய், வழவழவென்ற உறைக்குள் மீன் கண் மாதிரி அவனையே பார்த்துக்கொண்டிருக்கும் விதைகள்.

அவன் மூக்கில் மசாலா வாசனை ஏறவில்லை. வால்வு திறக்கும்போது வருமே, அந்த வாசனைதான் ஏறியது. ஷூ கம்பெனியின் பின்கட்டு. கான்கிரீட் மூடியை நெம்பியதும் கிளம்பும் சூடான காற்று. மேலே மிதக்கும் தடித்த ஆடை. அதில் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கும் மஞ்சள் பொட்டுகள். அப்போது அவை என்னவென்று அவன் யோசித்ததே இல்லை.

“சாப்பிடுங்க மாப்ள,” என்றார் தனகோடி.

பக்கத்து இலையில் அம்மா ஏற்கெனவே ஒரு வாய் போட்டுவிட்டாள். “பேஷா இருக்குது அண்ணா. தக்காளி நல்ல புளிப்பு.”

செந்தில் கையை வைத்தான். பிசைந்தான். பிசையப் பிசைய விரல் இடுக்கில் விதைகள் வழுக்கின. ஒன்று நக இடுக்கில் போய் உட்கார்ந்துகொண்டது.

நந்தினி எதிரில் நின்றாள். ஒரே ஒரு சாப்பாடு. அதற்கப்புறம் இவள் வாழ்நாள் பூரா என் வீட்டில். முழுங்கு.

முதல் கவளத்தை வாயில் போட்டு, மெல்லாமலே விழுங்கினான். இரண்டாவதில் ஒரு விதை பல்லில் மாட்டி நறுக்கென்றது. உடம்பு முழுக்க மயிர் குத்திட்டு நின்றது. அதன் பிறகு அவன் கை தானாகவே ஒரு வேலையைக் கண்டுபிடித்துக்கொண்டது. தக்காளித் துண்டைக் கட்டை விரலால் அழுத்தும். விதை பிதுங்கும். ஆள்காட்டி விரல் அதை இலையின் ஓரத்துக்கு ஓட்டும். சதையை மட்டும் சோற்றோடு சேர்த்து உருட்டி உள்ளே தள்ளுவான். சதை புதிது, இந்த மண்ணில் காய்த்தது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். விதைதான் அந்த வழியாக வந்தது. விதைகூட இல்லை, விதையின் அப்பன். இருந்தாலும் விதை வேண்டாம்.

ரசம் வந்தது. “கையில வாங்கிக் குடிங்க, நல்லா இருக்கும்,” என்றாள் நந்தினி. உள்ளங்கையில் ஊற்றினாள். வெதுவெதுப்பாக, சிவப்பும் பழுப்புமாக, மேலே நுரை கட்டியிருந்தது. நுரைக்கு நடுவே ஒரு விதை மெதுவாகச் சுற்றியது. கண்ணை மூடினான். விரலைக் கொஞ்சம் விரித்து, விதையை இலைக்கு வழியவிட்டு, மிச்சத்தை உறிஞ்சினான். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

“காரம் ஜாஸ்தியா?”

“இல்ல… சூப்பர்.”

எப்படியோ மோர் சோறு வரைக்கும் வந்து சேர்ந்தான். முதுகெல்லாம் வியர்வை. இலையைத் தன் பக்கமாக மடித்தான். சொந்தம் நிலைக்க வேண்டும் என்று அப்படித்தான் மடிப்பார்கள். ஜெயித்தாயிற்று.

“கை நனைச்சாச்சி!” தனகோடி தொடையைத் தட்டினார். “இனிமே நீங்க நம்ம வூட்டுப் புள்ள.”

அப்போதுதான் நந்தினி குனிந்து, மடித்த இலையைத் திறந்தாள்.

*

மடித்த இலையைத் திறப்பது யாரும் செய்யாத காரியம்.

இலையில் ஒரு பருக்கை சோறு மிச்சமில்லை. ஓரத்தில் மட்டும், வரப்பு கட்டியது போல, தக்காளி விதைகள் குவிந்து கிடந்தன.

“விதைய மட்டும் ஏன் ஒதுக்கினீங்க?”

“அது… எனக்குக் கிட்னியில கல்லு. விதை ஆவாதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு.”

“உனக்கு எப்படா கல்லு வந்துச்சி?” சௌந்தரம் பதறிப் போய்விட்டாள். “எங்கிட்ட சொல்லவே இல்லியே! காலைல கூட தொக்க விதையோட வழிச்சி வழிச்சி தின்னியேடா, கிண்ணத்தக் கூட வுடாம!”

செந்தில் அம்மாவைப் பார்த்த பார்வையில் ஒரு ஏரியே வற்றியிருக்கும்.

நந்தினி நிதானமாக எதிரில் உட்கார்ந்தாள். “தோல் தண்ணிக்குப் பயந்தவங்க பழத்தையே தொட மாட்டாங்க. நீங்க தோலு, சதை எல்லாம் சாப்ட்டீங்க. விதைய மட்டும் பாத்து ஒடம்பு கூசிச்சி. அது எந்த வழியா வந்துச்சின்னு தெரிஞ்சவங்களுக்குத் தாங்க அப்படிக் கூசும்.”

“இன்னா பேசுற நீ? எந்த வழியா வந்துச்சி?” என்றார் தனகோடி.

“நைனா, லேப்ல தெனமும் காலைல என் டேபிளுக்கு இன்னா வரும்னு உனக்குத் தெரியும். டப்பா டப்பாவா மலம். தக்காளி தின்னவங்க டப்பாவுல விதை அப்படியே முழுசாக் கெடக்கும். நம்ம வயித்தால அத ஒண்ணும் பண்ண முடியாது. மேல இருக்கிற வழவழப்பு மட்டும் கரைஞ்சி, முளைக்க ரெடியா வெளிய வந்துடும். பழத்தத் தின்னுட்டுக் குருவி வேற எங்கியோ போய் எச்சம் போடுது இல்ல? அந்த வேலைக்குத் தான் தக்காளி இவ்ளோ செவப்பா, இவ்ளோ ருசியா இருக்குது. குருவி காட்டுல போடும். நாம டேங்க்ல போடறோம். டேங்க்ல இருந்து எவனோ லாரில அள்ளியாந்து நம்ம ஏரில கொட்டிருக்கான்.”

தனகோடியின் வாய் திறந்தது. மூடவில்லை.

“முந்தாநாள் கரையில எறங்கிப் பாத்தேன். தக்காளி மட்டும் இல்ல நைனா. மொளகாச் செடி, கொய்யாக் கன்னு, பூசணி. ஒரு டிபன் பாக்ஸ் அப்படியே முளைச்சி நிக்குது. அதுவும் கரையில லாரி வந்து நிக்கக் கூடிய ஒரே எடத்துல இருந்து விசிறி மாதிரி விரிஞ்சி.”

“நிறுத்துங்க!” செந்தில் எழுந்துவிட்டான். கை இன்னும் கழுவவில்லை. “இந்த ஏரியாவுல என் லாரி ஒண்ணு தான் இருக்குதா? எத்தினி பேரு ஓட்டுறான்! கூசிச்சி, வெதைய ஒதுக்கினேன்னு சொல்லி என் மேல பழி போடுவீங்களா? நான் தானே மொத ஆளா ரோட்டுல குந்தினேன்?”

“நீங்களா இருக்கக் கூடாதுன்னு தாங்க நானும் வேண்டிக்கிட்டேன்,” என்றாள் நந்தினி. அவள் குரல் முதல் தடவையாக ஆடியது. “நீங்களா இல்லன்னா இன்னிக்கே சம்மதம் சொல்லிருப்பேன். அதனால தான் இந்த எலைய வச்சேன். அப்பறம் ஒண்ணு. நீங்க சாப்ட்டது எதுவும் ஏரித் தக்காளி இல்ல. நேத்து சாயந்திரம் அம்மாவும் நானும் ஆம்பூர் மார்க்கெட்ல வாங்கினது.”



வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பாண்டியன் தலையை உள்ளே நீட்டினான். பசியில் வாடிய முகம் பளிச்சென்று மலர்ந்திருந்தது.

“மார்க்கெட்ல வாங்கினதாக்கா? அய்யோ, மொதல்லியே சொல்லக் கூடாது? அப்ப எனக்கும் ஒரு எலை போட்ருங்க!”

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவன் மண்டையில் ஏறியது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, மெல்ல, வந்த வழியே தலையை இழுத்துக்கொண்டான்.



“மூணு வாரம்,” என்றார் தனகோடி. யாரிடமும் இல்லை, தன் வயிற்றிடம். “மூணு வாரமா… பச்சையா… உப்பு கூட இல்லாம…”

முகம் வெளிறியது. எழுந்தார். இரண்டு எட்டு வைத்தார். கொல்லைப்புறம் வரை கால் போகவில்லை. முற்றத்துத் துவைகல்லைப் பிடித்துக்கொண்டு குடல் வெளியே வருகிற மாதிரி ஓங்கரித்தார். அவர் மனைவி தலையைத் தாங்கிக்கொண்டாள். அந்தச் சத்தத்திலேயே பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. “இன்னாச்சி? இன்னாச்சி?” என்ற குரல்கள் வந்தன. நந்தினியின் அம்மா, தலையைத் தாங்கியபடியே, மதிலுக்கு மேலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

தனகோடி வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். கண்கள் சிவந்திருந்தன. மாப்பிள்ளை என்ற சொல் போய்விட்டது.

“அந்த முனீர் பாய் இந்த வாசல்ல நின்னாரு. ‘குரான் மேல சத்தியம், நான் இல்ல’ன்னாரு. நான் காறித் துப்பினேன். உன் பேச்சக் கேட்டுத் துப்பினேன்டா. மொதல்ல அவரு வூட்டுக்குப் போய் அவரு கால்ல வுழணும். அப்பறம் தான் எனக்குத் தண்ணியே எறங்கும்.”

“மாமா, நான் சுத்தம் பண்ணிக் குடுத்துடறேன். ஒரே வாரத்துல…”

“கை நனைச்சிட்டீங்க,” என்றாள் நந்தினி. இடக்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “பின்னால கொழா இருக்குது. கழுவிட்டுக் கெளம்புங்க.”

தாம்பூலத் தட்டை, வெற்றிலை நுனிகூடக் கலையாமல், அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

*

செய்தி காரை விட வேகமாகப் போயிருந்தது.

கரையில் அந்தப் பெண்கள் வழி மறித்து நின்றார்கள். காலையில் பறித்த கூடைகள் காலடியில். மஞ்சள் புடவைக்காரி முகவாயைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள், தோல் உரிகிற மாதிரி.

பாண்டியன் வண்டியை நிறுத்தினான். செந்தில் இறங்கிக் கையைக் கூப்பினான். “அம்மா, கொஞ்சம் நான் சொல்றதக் கேளுங்க…”

சொத்!

முதல் பழம் நெஞ்சில் விழுந்து உடைந்தது. எறிந்தது மஞ்சள் புடவைக்காரி.

“எங்க புள்ளைங்களுக்கு ஊட்டினேன்டா பாவி! போராட்டத்தப்ப அதுங்களுக்குப் பேதி புடிச்சி ஆஸ்பத்திரில போட்டோமே, அப்பவும் டேனரி தண்ணின்னு தானே சொன்ன!”

சொத், சொத், சொத்! காதில், கழுத்தில், காலருக்குள். கனிந்த பழங்கள் வெடித்துச் சாறாய் ஓடின. வாயைத் திறந்து ஏதோ சொல்லப் போனான். ஒன்று வாய்க்கு உள்ளேயே போயிற்று. இது மார்க்கெட் தக்காளி இல்லை.

துப்பிக்கொண்டே காருக்குள் விழுந்தான். அம்மா பின் சீட்டில் அசையாமல் இருந்தாள். அவள் மேல் யாரும் எறியவில்லை.

நெடுஞ்சாலை வந்தது. ஏசி காற்றில் சட்டை விறைத்துக் காய ஆரம்பித்தது. புத்தம் புது வெள்ளைச் சட்டை முழுக்க விதைகள் பசை போட்டு ஒட்டிக்கொண்டிருந்தன. தட்டினால் விழவில்லை. விதை என்றால் சும்மா விழுந்துவிடுமா? யார் மேலாவது ஏறி எங்கேயாவது போய்ச் சேர்வதுதானே அதன் வேலை.

சௌந்தரம் முன்னால் குனிந்து, மகனின் தோளில் இருந்த விதை ஒன்றை நகத்தால் சுரண்டி எடுத்தாள். உற்றுப் பார்த்தாள். ஜன்னலைத் திறந்து வெளியே சுண்டினாள்.

“செந்திலு.”

“இன்னாமா?” எரிந்து விழுந்தான்.

“நம்ம வூட்டுக்குப் பின்னால, பாண்டியன் லாரி கழுவி ஹோஸ் காயப் போடுற எடம் இருக்குதில்ல?”

“அதுக்கு இன்னா இப்ப?”

“அங்க நாலஞ்சி செடி தானா வந்திருந்திச்சிடா. நல்லாக் காய்ச்சிது.” அவள் எச்சிலை விழுங்கினாள். “காசு குடுத்து வாங்குவானேன்னு பத்து நாளா அதத் தான் பறிக்கிறேன். காலைல வச்ச தொக்கு…”

கார் கிறீச்சிட்டு ரோட்டோரம் நின்றது. பாண்டியன்தான் கதவைத் திறந்துகொண்டு முதலில் பாய்ந்தான். அவனும் காலையில் அதே தொக்கைத் தொட்டு எட்டு இட்லி சாப்பிட்டிருந்தான்.

செந்திலுக்கு இறங்கவும் நேரமில்லை. மடியில் தாம்பூலத் தட்டு இருந்தது.